சொத்து எந்த நொடியில் கை மாறுகிறது? நில உரிமை மாற்றத்துக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

வீடு வாங்கிய ஒருவரிடம், "அது எப்போது உங்களுடையது ஆனது?" என்று கேட்டுப் பாருங்கள். முழுப் பணமும் கொடுத்த அன்று என்பார் ஒருவர். சாவி கைக்கு வந்த அன்று என்பார் இன்னொருவர். கையெழுத்துப் போட்ட அன்று என்பார் மூன்றாமவர். மூவருமே தவறாகச் சொல்லியிருக்கக்கூடும். பணம், கையெழுத்து, சுவாதீனம் (சொத்து நேரடியாகக் கைவசம் இருப்பது), உரிமை ஆகிய நான்கும் தனித்தனி. பெரும்பாலும் தனித்தனி நாட்களில்தான் கை மாறும். உரிமை மட்டும், சட்டம் குறித்து வைத்திருக்கும் ஒரே ஒரு கணத்தில் நகர்கிறது. அந்தக் கணம் வரும்வரை பணத்தைக் காப்பதும், வந்த பிறகு உரிமையைக் காப்பதும்தான் இந்த வேலை முழுவதும்.

மாட்டை விற்றால் கயிற்றைக் கையில் கொடுத்துவிடலாம். நிலத்துக்குக் கயிறு கிடையாது. அதனால் பழைய சமூகங்கள் கயிற்றுக்குப் பதிலாக ஏதோ ஒரு சடங்கைக் கண்டுபிடித்தன. பண்டைய ரோமில் ஐந்து சாட்சிகள், தராசு பிடிக்க ஒருவர், தராசைத் தட்ட ஒரு வெண்கலத் துண்டு. இடைக்கால இங்கிலாந்தில் விற்பவர் அந்த நிலத்திலேயே நின்று ஒரு மண்கட்டியையோ சிறு குச்சியையோ வாங்குபவர் கையில் கொடுப்பார்; சுற்றி நிற்பவர்கள் பார்த்துக்கொள்வார்கள். பொய்ச்சாட்சி பெருகியபோது, 1677ஆம் ஆண்டுச் சட்டம் நில விவகாரங்களில் எழுத்தும் கையெழுத்தும் வேண்டும் என்றது. இன்றைய பத்திரமும் பதிவேடும் அந்த மண்கட்டியின் வாரிசுகள்.

முதல் படி: உங்கள் சட்டத்தில் அந்தக் கணம் எது?

ஆவணங்களைத் தேடுவதற்கு முன்பே இதைத் தெரிந்துகொள்ளுங்கள். ஏனென்றால் நாட்டுக்கு நாடு விடை முற்றிலும் மாறுகிறது.

பிரான்சின் 1804ஆம் ஆண்டு உரிமையியல் சட்டத் தொகுப்பின்படி, பொருளும் விலையும் ஒத்துக்கொள்ளப்பட்டால் இரு தரப்புக்கு இடையே விற்பனை நிறைவேறிவிட்டது. பணமும் ஒப்படைப்பும் பிறகு வரலாம். ஆனால் மூன்றாம் நபர் ஒருவர் வந்து உரிமை கோரினால் அவருக்கு எதிராக நிற்க, நோட்டரி எழுதிய ஆவணம் நிலப் பதிவேட்டில் ஏறியிருக்க வேண்டும்.

ஜெர்மனி நேர் எதிர். 1900ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த அதன் சட்டத் தொகுப்பு, விற்பனை ஒப்பந்தம் வேறு, உரிமையை மாற்றும் செயல் வேறு என்று பிரித்துவிட்டது. நோட்டரி முன்னால் ஒப்பந்தம் எழுத வேண்டும். உரிமை மாற்றத்துக்கென்று தனியாக ஓர் இசைவைத் தெரிவிக்க வேண்டும். பிறகு நிலப் பதிவேட்டில் பெயர் ஏற வேண்டும். ஏறாதவரை விற்றவர்தான் உரிமையாளர். இங்கிலாந்திலும் பதிவு பெற்ற நிலத்துக்கு 2002ஆம் ஆண்டுச் சட்டம் அதையே சொல்கிறது: பணம் கொடுத்து, பத்திரம் எழுதி, சாவியும் வாங்கிய பிறகுகூட, பதிவு முடியும்வரை சட்டப்படியான உரிமை நகர்வதில்லை.

இந்தியாவில் 1882ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டப்படி, நூறு ரூபாய்க்கும் அதற்கு மேலும் மதிப்புள்ள நிலத்தையோ வீட்டையோ விற்கப் பதிவு செய்யப்பட்ட கிரயப் பத்திரம் கட்டாயம். இங்கே ஒரு நுட்பம் உண்டு. 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி, பத்திரம் பதிவாகிவிட்டால் அது எழுதிக் கையெழுத்திட்ட நாளிலிருந்தே செல்லும்; பதிவான நாளிலிருந்து அல்ல. ஆகவே ஒரே வீட்டை ஒருவர் இரண்டு பேருக்கு எழுதிக் கொடுத்தால், முதலில் எழுதப்பட்ட பத்திரம் தாமதமாகப் பதிவானாலும் பொதுவாக அதுவே முந்தும். வெளியூர்ச் சட்டம் படித்தவர்கள் வழுக்கி விழும் இடம் இது. இலங்கையில் 1840ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம், நொத்தாரிசும் (நோட்டரியின் இலங்கைப் பெயர்) இரண்டு சாட்சிகளும் இல்லாமல் நிலக் கைமாற்றம் செல்லாது என்கிறது.

அமெரிக்க மாநிலங்களில் பத்திரம் கையளிக்கப்பட்டு ஏற்கப்பட்டதும் இரு தரப்புக்கு இடையே உரிமை நகர்ந்துவிடும். பதிவு எதற்கு என்றால், பின்னால் வருகிறவரை முந்துவதற்கு. சில மாநிலங்களில் முதலில் பதிந்தவர் வெல்கிறார். பலவற்றில், முந்தைய விற்பனையை அறியாமல் நல்லெண்ணத்தோடு வாங்கியவருக்குத்தான் அந்தப் பாதுகாப்பு.

பதிவேடு எதற்கு உத்தரவாதம் தருகிறது?

இதைப் படியாக எண்ணவில்லை. ஆனால் இது புரியாமல் அடுத்த படியில் கால் வைக்கக் கூடாது.

உலகில் இரண்டு வகைப் பதிவேடுகள் உண்டு. ஒன்று பத்திரங்களைப் பதிவது. இன்னொன்று உரிமையையே பதிவது. முதல் வகையில் பதிவாளர் ஒரு காவல்காரர் மாதிரி: இன்னார் இன்ன நாளில் இந்தக் காகிதத்தைக் கொண்டுவந்தார் என்று எழுதிக்கொள்வார். கொண்டுவந்தவருக்கு அந்த நிலத்தை விற்க உரிமை உண்டா என்பது பொதுவாக அவருடைய வேலை அல்ல. பத்திரம் முறையாகப் பதிவாகியிருக்கும். விற்றவருக்கோ உரிமையே இருந்திருக்காது. 'அரசாங்கமே பதிந்து கொடுத்துவிட்டது' என்று நிம்மதியாகத் தூங்குகிறவர்கள் இந்த வேறுபாட்டை அறியாதவர்கள். இந்தியாவின் சார்பதிவாளர் அலுவலகங்களும் அமெரிக்க மாவட்டப் பதிவகங்களும் பெரும்பாலும் இந்த வகை. இந்த ஓட்டையை அடைக்கத்தான் அமெரிக்காவில், உரிமையில் குறை தெரிந்தால் நஷ்டத்தை ஈடுகட்டும் உரிமைக் காப்பீடு பிறந்தது. 1868ஆம் ஆண்டு பென்சில்வேனியா வழக்கு ஒன்றில், தவறான ஆலோசனையை நம்பி வாங்கி நஷ்டப்பட்டவருக்கு ஆலோசகரிடமிருந்து இழப்பீடு கிடைக்கவில்லை. 1876இல் பிலடெல்பியாவில் முதல் உரிமைக் காப்பீட்டு நிறுவனம் தொடங்கப்பட்டது.

இரண்டாவது வகைக்குப் பெயர் டாரன்ஸ் முறை. ராபர்ட் டாரன்ஸ் என்பவர் முன்னின்று கொண்டுவந்த சட்டம் தெற்கு ஆஸ்திரேலியாவில் 1858இல் நிறைவேறியது. அதன் தத்துவம் எளியது: பதிவேட்டில் பெயர் இருப்பதால்தான் ஒருவர் உரிமையாளர். மோசடி போன்ற சில விதிவிலக்குகள் தவிர, பழைய பத்திரங்களைத் தோண்ட வேண்டியதில்லை. மலேசியாவின் 1965ஆம் ஆண்டு நிலச் சட்டம் இந்த வழியில் வந்தது. சிங்கப்பூரிலும் இதே முறை. இலங்கையும் 1998ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் உரிமைப் பதிவு முறைக்குள் மெல்ல நுழைந்தது.

உங்கள் சொத்து முதல் வகைப் பதிவேட்டில் இருந்தால், அடுத்த படியில் உங்களுக்கு இருமடங்கு வேலை.

இரண்டாம் படி: விற்பவரிடம் விற்க என்ன இருக்கிறது?

தன்னிடம் இல்லாததை ஒருவர் கொடுக்க முடியாது. நிலச் சட்டத்தின் மற்ற விதிகளில் பாதி இந்த ஒரு விதியின் கிளைகள்.

பத்திரச் சங்கிலியைப் பார்க்கும்போது இன்றைய உரிமையாளரிடமிருந்து பின்னோக்கிப் போய் மூலப் பத்திரம்வரை எல்லாவற்றையும் சேகரியுங்கள். சேகரித்த பிறகு, படிப்பது மட்டும் முன்னோக்கி இருக்கட்டும். பழையதிலிருந்து புதியதற்கு வரும்போதுதான் கதை ஒரு கதையாகத் தெரியும். எங்கே கதை அறுந்திருக்கிறது என்பதும் தெரியும். ஒவ்வொரு பத்திரத்திலும் மூன்று கேள்விகள் கேளுங்கள்: எழுதிக் கொடுப்பவருக்கு இந்தச் சொத்து எப்படி வந்தது? அவர் எந்தத் தகுதியில் கையெழுத்திடுகிறார்? எவ்வளவு கொடுக்கிறார்?

மூன்றாவது கேள்வியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். பத்து ஏக்கர் வாங்கியவர் முதலில் ஆறு ஏக்கரை ஒருவருக்கும், சில ஆண்டுகள் கழித்து ஐந்து ஏக்கரை இன்னொருவருக்கும் எழுதிக் கொடுத்திருப்பார். இரண்டு பத்திரங்களும் தனித்தனியே பார்த்தால் குறை இல்லாதவை. கூட்டிப் பார்த்தால்தான் ஓர் ஏக்கர் காற்றில் தொங்குவது தெரியும். ஒரு காகிதத்தில் வலப்பக்கம் வரவு, இடப்பக்கம் செலவு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். வழக்கறிஞரிடம் கொடுத்துவிட்டோமே என்று இதை விடாதீர்கள். அவரும் சில சமயம் எழுத்தைத்தான் படிப்பார், கணக்கைப் போட மாட்டார்.

சங்கிலி அறுவது பெரும்பாலும் மரணத்தில். உரிமையாளர் இறந்து நான்கு வாரிசுகள் இருக்க, மூவர் மட்டும் கையெழுத்திட்டால் பத்திரம் முழுக்கச் செல்லாது என்பதில்லை; வாங்கியவருக்கு மூவரின் பங்கு மட்டும் வந்து சேரும். ஆனால் முழு வீட்டுக்குப் பணம் கொடுத்துவிட்டு, முகம் தெரியாத நான்காவது வாரிசோடு பங்காளியாக உட்கார வேண்டியிருக்கும். மைனர் பங்கு இருந்தால் கூடுதல் கவனம்: காப்பாளர் விற்க நீதிமன்ற அனுமதி தேவையா, அது பெறப்பட்டதா என்று பாருங்கள். விவாகரத்து, திவால், மூடப்பட்ட நிறுவனம் ஆகியவையும் சங்கிலி அறுகிற இடங்கள்.

பிறகு, விற்பனைக்கு வருவது என்ன வகை உரிமை? முழு உரிமையா, குறிப்பிட்ட ஆண்டுகளுக்கான குத்தகையா, நிலத்தில் பிரிக்கப்படாத பங்கோடு கூடிய அடுக்குமாடி வீடா? இருவர் பெயரில் இருந்தால் எந்த வகைக் கூட்டுரிமை என்று கேட்க வேண்டும். சில சட்டங்களில் ஒரு வகைக் கூட்டுரிமையில் ஒருவர் இறந்ததும் அவர் பங்கு தானாக மற்றவரிடம் சேர்ந்துவிடும்; இறந்தவர் எழுதிய உயில் அந்தப் பங்கைத் தொடக்கூட முடியாது. மற்ற வகையில் அந்தப் பங்கு வாரிசுகளுக்குப் போகும்.

மூன்றாம் படி: சொத்தின் முதுகில் என்ன சுமை?

வில்லங்கம் என்ற சொல்லை நாம் சண்டைக்கும் பயன்படுத்துகிறோம். சட்டத்தில் அதற்கு அமைதியான பொருள்: சொத்தின் மேல் மற்றவருக்கு இருக்கும் உரிமை. அடமானம், நீதிமன்ற ஜப்தி, வரி பாக்கி, வழிப்பாதை உரிமை, வாடகை ஒப்பந்தம் எல்லாம் இதில் அடங்கும். பதிவேட்டில் தேடினால் இவற்றில் பலவும் கிடைக்கும். எல்லாமும் கிடைக்காது. உரிமைப் பத்திரங்களை ஒப்படைத்தாலே அடமானம் உருவாகிவிடும் சட்டங்களில், மூலப் பத்திரம் வேறொருவர் அலமாரியில் இருக்கலாம். அதனால்தான் நகலைக் காட்டி அசலைக் காட்டாதவரிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

பதிவேட்டுக்கு அடுத்தபடியாக நேரில் போய்ப் பாருங்கள். இந்தியச் சட்டத்தில், சொத்து ஒருவரின் சுவாதீனத்தில் இருந்தால், அவருக்கு என்ன உரிமை உண்டோ அது வாங்குபவருக்குத் தெரியும் என்றே கொள்ளப்படும். 'எனக்குத் தெரியாதே' என்று பிறகு சொல்ல முடியாது. இங்கிலாந்திலும் அங்கே குடியிருப்பவரின் சில உரிமைகள் பதிவேட்டில் இல்லாமலேயே வாங்குபவரைக் கட்டும். ஆகவே குடியிருப்பவரிடம் நேராகவே கேளுங்கள்: எந்த அடிப்படையில் இங்கே இருக்கிறீர்கள்? விற்பவர் சொல்லும் விடையும் குடியிருப்பவர் சொல்லும் விடையும் பொருந்தாவிட்டால் அங்கேயே நில்லுங்கள்.

நில அளவையும் இப்போதுதான். பத்திரம் சொல்லும் நான்கெல்லைகளும் தரையில் இருக்கும் வேலியும் ஒன்றா என்று பணம் கொடுப்பதற்கு முன்பு பார்த்தால் அது விசாரணை. பிறகு பார்த்தால் வழக்கு.

நான்காம் படி: ஒப்பந்தம்

விற்பனை ஒப்பந்தம் உரிமையைத் தராது. உரிமையைக் கேட்கும் உரிமையைத் தரும். இந்தியச் சட்டம் இதை வெளிப்படையாகவே எழுதி வைத்திருக்கிறது: விற்பதற்கான ஒப்பந்தம் மட்டும் அந்தச் சொத்தில் எந்தப் பாத்தியதையையும் உண்டாக்காது. முன்பணம் எவ்வளவு, எந்தத் தேதிக்குள் முடிக்க வேண்டும், வங்கிக் கடன் கிடைக்காவிட்டால் என்ன ஆகும், இருக்கும் அடமானத்தை யார் எப்போது தீர்ப்பது, உரிமையில் குறை தெரிந்தால் முன்பணம் திரும்புமா என்பவை எழுத்தில் இருக்க வேண்டும். வாய்மொழி உறுதிகளை நான் மழையில் எழுதிய எழுத்தாகத்தான் பார்க்கிறேன்.

ஒப்பந்தத்துக்கும் உரிமை மாற்றத்துக்கும் நடுவே சில வாரங்களோ மாதங்களோ ஓடும். ஆபத்து உட்கார்ந்திருப்பது அந்த இடைவெளியில்தான். விற்பவர் வேறொருவருக்கு எழுதிக் கொடுத்துவிடலாம். அவர்மேல் உள்ள கடனுக்காக யாராவது ஜப்தி வாங்கிவிடலாம். முதிர்ந்த சட்ட முறைகள் இந்த இடைவெளியை மூட ஒரு கதவு வைத்திருக்கின்றன. ஜெர்மனியில் வாங்குபவர் பெயரில் ஒரு முற்குறிப்பைப் பதிவேட்டில் ஏற்றிவிடுவார்கள். அதற்குப் பிறகு நடக்கும் எதுவும் அவரைப் பாதிக்காது. இங்கிலாந்தில் அதிகாரபூர்வத் தேடலுக்கு விண்ணப்பித்தால் 30 வேலை நாட்களுக்கு முன்னுரிமை கிடைக்கும். டாரன்ஸ் முறை நாடுகளில் பதிவேட்டில் எச்சரிக்கைக் குறிப்பு பதியலாம். உங்கள் சட்டத்தில் இப்படி ஒரு கதவு உண்டா என்று கேளுங்கள். இருந்தும் பயன்படுத்தாமல் விடுவது, செலவு மிச்சம் என்று பூட்டு வாங்காமல் இருப்பது போல.

ஐந்தாம் படி: பத்திரம்

பத்திரத்தின் பெயரைவிட, அதில் கொடுப்பவர் எதற்குப் பொறுப்பேற்கிறார் என்பது முக்கியம். அமெரிக்காவில் முழு உத்தரவாதப் பத்திரம் எழுதுபவர், தன் காலத்துக்கு முந்தைய குறைக்கும் பதில் சொல்ல வேண்டும். இன்னொரு வகையில் தன் காலத்துக் குறைக்கு மட்டும். மூன்றாவது வகை உரிமை விடுப்புப் பத்திரம்: 'எனக்கு ஏதாவது உரிமை இருந்தால் அதை விடுகிறேன்' என்று சொல்லும், இருக்கிறது என்று சொல்லவே சொல்லாது. குடும்பத்துக்குள் பங்கை விட்டுக்கொடுக்க அது போதும். முன்பின் தெரியாதவரிடம் முழு விலை கொடுத்து அப்படி ஒரு பத்திரம் வாங்குவது ஏமாறக் கிளம்புவதற்குச் சமம்.

விற்பனை அல்லாத கைமாற்றங்களுக்குத் தனி விதிகள் உண்டு. இந்தியாவில் அசையாச் சொத்தைத் தானமாகக் கொடுக்கப் பதிவும் இரண்டு சாட்சிகளும் வேண்டும். பெறுபவர், கொடுப்பவரின் ஆயுளுக்குள் ஏற்றுக்கொள்ளவும் வேண்டும். உயில் அப்படி அல்ல. எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை அது யாருக்கும் எதையும் தராது. அவர் அதை மாற்றலாம், கிழித்துப் போடலாம். 'அப்பா எனக்கு உயில் எழுதியிருக்கிறார்' என்று சொல்லி வீட்டை விற்க வருபவரிடம், அப்பா நலமாக இருக்கிறாரா என்று அன்போடு விசாரியுங்கள்.

பத்திரத்தின் முன்பகுதி கம்பீரமான சொற்களால் நிறைந்திருக்கும். எல்லோரும் அதைப் படிப்பார்கள். வழக்குகள் பிறப்பது கடைசியில் வரும் சொத்து விவரத்தில். அளவை எண்ணில் ஓர் இலக்கம் இடம் மாறினால் நீங்கள் அண்டை வீட்டை வாங்கியிருப்பீர்கள். ஒருவர் மூலப் பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு உரக்கப் படிக்க, இன்னொருவர் புதிய பத்திரத்தில் விரல் வைத்துச் சரிபார்க்கட்டும். பழைய முறைதான், இதைவிட நல்ல முறையை நான் இன்னும் பார்க்கவில்லை.

ஆறாம் படி: கையெழுத்தும் பணமும் ஒரே நேரத்தில்

முதலில் பணமா, முதலில் கையெழுத்தா? இரண்டு பேருக்கும் பயம் நியாயமானதே. நடுவில் நம்பிக்கைக்குரிய மூன்றாமவர் ஒருவர் பணத்தையும் பத்திரத்தையும் வைத்துக்கொண்டு, நிபந்தனைகள் நிறைவேறியதும் இரண்டையும் விடுவிப்பதுதான் இதற்கான பொதுவான தீர்வு. சில நாடுகளில் அது நோட்டரி, சிலவற்றில் வழக்கறிஞரின் தனிக் கணக்கு, சிலவற்றில் இதற்கென்றே இருக்கும் நிறுவனம். வங்கிக் கணக்கு எண் மாறிவிட்டது என்று கடைசி நேரத்தில் மின்னஞ்சல் வந்தால், ஏற்கெனவே உங்களிடம் இருக்கும் எண்ணில் தொலைபேசியில் அழைத்துக் கேட்காமல் பணம் அனுப்பாதீர்கள்.

விற்பவர் வரவில்லை, அவர் சார்பில் செயல்பட அனுமதிக்கும் அதிகாரப் பத்திரத்தோடு வேறொருவர் வருகிறார் என்றால் அதையும் ஒரு பத்திரமாகவே ஆராயுங்கள். அதில் விற்கும் அதிகாரம் வெளிப்படையாகக் கொடுக்கப்பட்டிருக்கிறதா? ரத்து செய்யப்படவில்லையே? கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா? பொதுவாக, கொடுத்தவர் இறந்தால் அதிகாரமும் இறந்துவிடும். அதிகாரப் பத்திரமும் ஒப்பந்தமும் உயிலும் சேர்த்து வாங்கிவிட்டால் வீடு வாங்கியதாகிவிடும் என்ற நம்பிக்கை இந்தியாவில் நீண்ட காலம் இருந்தது. 2011இல் உச்ச நீதிமன்றம் அந்த வழியில் உரிமை மாறாது என்று தெளிவாகச் சொல்லிவிட்டது.

ஏழாம் படி: பதிவும் அதன் பின்னும்

முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் கட்டி, கெடுவுக்குள் பதியுங்கள். இந்தியாவில் பத்திரம் எழுதி நான்கு மாதத்துக்குள் பதிவுக்குக் கொடுக்க வேண்டும். தீர்வையைக் குறைக்க விலையைக் குறைத்து எழுதும் யோசனையை யாராவது சொல்வார்கள். சட்ட மீறல் என்பது ஒருபுறம். நாளைக்கு உரிமை பறிபோய் இழப்பீடு கேட்கும்போது, பத்திரத்தில் எழுதிய தொகையைத்தான் உங்களால் நிரூபிக்க முடியும்.

பதிவு முடிந்ததும் புதிதாக ஒருமுறை பதிவேட்டைத் தேடி, உங்கள் பெயர் சரியாக ஏறியிருக்கிறதா, பழைய அடமானம் நீக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். கடன் அடைந்துவிட்டது என்பதும் அடமானம் பதிவேட்டிலிருந்து நீங்கிவிட்டது என்பதும் ஒன்றல்ல. பிழை தெரிந்தால் விற்றவர் கையெழுத்துக்குக் கிடைக்கும்போதே பிழைதிருத்தல் பத்திரம் எழுதி வாங்குங்கள். பத்து ஆண்டு கழித்து அவர் எங்கே இருப்பாரோ.

வரிப் பதிவேட்டிலும் வருவாய்த் துறைக் கணக்கிலும் பெயர் மாற்றுவது அடுத்த வேலை. ஆனால் வரி ரசீது உரிமைப் பத்திரம் ஆகாது. வருவாய்க் கணக்கில் பெயர் மாறுவதால் மட்டும் உரிமை வந்துவிடாது என்று இந்திய நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன. அது வரி யார் கட்டுவது என்பதற்கான குறிப்பு மட்டுமே.

கடைசியாகச் சுவாதீனம். காலி மனையை வாங்கிப் போட்டுவிட்டு மறந்துவிடாதீர்கள். தனியார் நிலத்தை ஒருவர் உரிமையாளருக்கு எதிரிடையாக, வெளிப்படையாக, தொடர்ந்து 12 ஆண்டுகள் அனுபவித்தால் அதை மீட்க வழக்குப் போடும் காலம் இந்தியாவில் முடிந்துவிடும். இங்கிலாந்தில் பதிவு பெற்ற நிலத்தில் 10 ஆண்டு அனுபவித்தவர் விண்ணப்பிக்கலாம். ஆனால் பதிவேட்டிலுள்ள உரிமையாளருக்கு முதலில் அறிவிப்பு போகும், அவர் மறுக்கவும் முடியும். அந்த அறிவிப்பு பதிவேட்டில் நீங்கள் கொடுத்திருக்கும் முகவரிக்குத்தான் வரும். வீடு மாறினால் அங்கேயும் முகவரியை மாற்றிவிடுங்கள்.